தலைமுறைச் சுழற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எண்பது வருஷத்துக்கு ஒருமுறை உலகம் புரளும், கணக்குப் போட்டுப் பாருங்கள்" என்று தொடங்கும் செய்தி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு நாலு தடவையாவது சுற்றி வரும். ஒவ்வொரு தடவையும் சித்தப்பா "உண்மை" என்று போடுவார். அவர் மகள் சிரிப்புப் பொம்மை போடுவாள். பிறகு சண்டை. அந்தச் சண்டையில் வந்த கேள்விகளோடு நண்பர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

தலைமுறைச் சுழற்சி என்று எதைச் சொல்கிறார்கள்?

பஞ்சத்தில் வளர்ந்தவர் ஒரு மாதிரி, அவர் பிள்ளை ஒரு மாதிரி, பேரன் இன்னொரு மாதிரி. தனக்குக் கிடைக்காததைத் தன் பிள்ளைக்குக் கொடுத்து வளர்ப்பது எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். அப்படிக் கொடுத்துக் கொடுத்து மூன்றாம், நான்காம் தலைமுறைக்கு வரும்போது முதல் ஆள் பட்ட பாடு கதையாகக்கூட மிஞ்சுவதில்லை. பழைய தப்பு புதுத் தப்பு மாதிரி வந்து நிற்கிறது. நாட்டுக்கும் சமூகத்துக்கும் இதுவே நடக்கிறது என்பதுதான் இந்தக் கருத்து.

இதில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று: இளவயதில் ஒரே பெரிய சம்பவத்தைக் கண்டவர்களிடம் ஒரே மாதிரித் தழும்பு இருக்கும். இதை மறுப்பவர் அதிகமில்லை. இன்னொன்று: அந்தத் தழும்புகள் ஒரு வரிசைப்படி, குறித்த வருஷ இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். இது எனக்கு ஜோசியம் மாதிரித்தான் படுகிறது. ஆனால் ஜோசியம் என்று சொல்லித் தூக்கிப் போடவும் முடியாதபடி நடுவில் ஒரு விஷயம் இருக்கிறது. கண்ணால் கண்டவர்கள் சாகும்போது அவர்களோடு ஏதோ ஒன்று நிஜமாகவே போய்விடுகிறது.

ஒரு தலைமுறைக்கு எத்தனை வருஷம்?

தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள வயது வித்தியாசத்தை எடுத்தால் 20 முதல் 30. நம் பேச்சு 30-ஐப் பிடித்துக்கொண்டது. ‘முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை’ என்பார்கள். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய அதே 30 வருஷம். மங்கு சனி, பொங்கு சனி என்று சுற்றுக்கு ஒரு பெயர் வேறு.

தமிழில் ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’தான், தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். சோழ மன்னர்களும் ஒருவர் ராஜகேசரி, அடுத்தவர் பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டார்கள். தர்ப்பணத்தில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்று பேரோடு நிறுத்திவிடுகிறோம். நான்காவது ஆளின் பெயர் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

ஒரு முழு ஆயுள் என்று எடுத்தால் அது வேறு அளவு. ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம் செய்கிறோமே, அந்த 80. ரோமுக்கு முன் இத்தாலியில் ஓங்கியிருந்த எத்ருஸ்கர்களும் ரோமானியர்களும் இதற்கு ‘சேகுலம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கி.பி. 238-ல் சென்சோரினஸ் என்ற ரோமானியர் அதை விளக்கியிருக்கிறார். ஒரு நகரம் தோன்றிய நாளில் பிறந்தவர்களில் கடைசி ஆள் சாகும்போது முதல் சேகுலம் முடிகிறது, அன்று உயிரோடிருப்பவர்களில் கடைசி ஆள் சாகும்போது இரண்டாவது முடிகிறது. வருஷ எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கடைசிச் சாட்சியின் சாவை அளவாக வைத்த இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சேகுலம் முடிந்து புதியது பிறப்பதற்கு ரோமில் விழா எடுப்பார்கள். உயிரோடிருக்கும் எவரும் முன்பு கண்டிராத, இனிக் காணவும் போகாத விழா என்று கட்டியம் கூறுவோர் தெருத்தெருவாக அறிவிப்பார்கள். பேரரசர் அகஸ்டஸ் கி.மு. 17-ல் நடத்தினார். பின்வந்த பேரரசர் கிளாடியஸ் கணக்கை மாற்றிப் போட்டு கி.பி. 47-லேயே இன்னொன்று நடத்தினார். இடையில் 63 வருஷம்தான். பழைய விழாவைச் சிறுவயதில் பார்த்த கிழவர்கள் கூட்டத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஆடிய நடிகர்கள் சிலர் இதிலும் மேடையேறினார்கள். அறிவிப்பைக் கேட்டு ஊரே சிரித்தது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். சாட்சி உயிரோடிருக்கும்போது புதுக் கதை விட்டால் அப்படித்தான் ஆகும்.

இதை ஒரு கொள்கையாக முதலில் சொன்னது யார்?

அழுத்தமாகச் சொன்னவர்களில் மூத்தவர் இப்னு கல்தூன். 1332-ல் துனிஸில் பிறந்தவர். 1348-49 பிளேக்கில் பெற்றோரை இழந்தார். பல அரசவைகளில் ஏறி இறங்கி, சிறையும் பார்த்துவிட்டு, 1377-ல் இன்றைய அல்ஜீரியாவில் ஒரு கோட்டைக்குள் உட்கார்ந்து தன் பெரிய வரலாற்று நூலின் முன்னுரையை எழுதினார். அரசுகள் விழுவதை அவர் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. 1401-ல் தைமூர் டமாஸ்கஸை முற்றுகையிட்டபோது, மதிலிலிருந்து கயிற்றில் இறங்கிப் போய் அந்த மனிதரையே நேரில் சந்தித்துப் பேசிய ஆள்.

அவர் கணக்கு இது. பாலைவனத்திலிருந்து வரும் கூட்டத்துக்கு ஒட்டுறவு அதிகம், அவர் மொழியில் ‘அசபிய்யா’. அந்தப் பலத்தால் அரசைப் பிடிக்கிறார்கள். முதல் தலைமுறைக்கு முரட்டு வாழ்க்கை நினைவிருக்கிறது. இரண்டாம் தலைமுறை நகரத்துக்குப் பழகிவிடுகிறது, ஆனால் அப்பனைக் கண்ணால் பார்த்திருப்பதால் பழைய குணத்தில் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. மூன்றாம் தலைமுறைக்குப் பாலைவனம் என்ற ஒன்று இருந்ததே தெரியாது. தலைமுறைக்கு 40 வருஷம், ஆக ஓர் அரச வம்சத்தின் ஆயுள் சுமார் 120. இஸ்ரவேலர் 40 வருஷம் வனாந்தரத்தில் அலைந்தது எதற்கு என்றும் அவர் ஒரு காரணம் சொல்கிறார்: அடிமையாய் இருந்து பழகிய தலைமுறை செத்து முடியவேண்டும், அதற்குத்தான் அவ்வளவு காலம்.

நம் அரசர்களுக்கு இது பொருந்துகிறதா?

சோழர்களை எடுத்துப் பார்க்கலாம். விஜயாலயன் தஞ்சையைப் பிடித்தது 850 வாக்கில். கடைசி மன்னன் மூன்றாம் ராஜேந்திரன் காலம் முடிந்தது 1279-ல். 400 வருஷத்துக்கு மேல். இப்னு கல்தூனின் 120 எங்கே?

இப்போது அளவுகோலைக் கொஞ்சம் நகர்த்தி 985-ல் வைக்கிறேன். ராஜராஜன், அவன் மகன் ராஜேந்திரன், பிறகு ராஜேந்திரனின் மூன்று மகன்கள் ஒருவர் பின் ஒருவராக: கொப்பம் போர்க்களத்தில் 1054-ல் யானைமேல் இருந்தே மாண்ட ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன். நான்காம் தலைமுறை அதிராஜேந்திரன். 1070-ல் பட்டத்துக்கு வந்தான், அதே வருஷம் கலகத்தில் போனான். 85 வருஷத்தில் ஆண்வழி முடிந்தது. இப்னு கல்தூன் பார்த்திருந்தால் தாடியைத் தடவிக்கொண்டிருப்பார்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன், வேங்கிச் சாளுக்கிய இளவரசன், குலோத்துங்கன் என்ற பெயரில் சிங்காதனம் ஏறி ஏறத்தாழ 50 வருஷம் ஆண்டான். அப்பன் வழியில் எண்ணினால் வம்சம் செத்தது. அம்மா வழியில் எண்ணினால் செழித்தது. எங்கே தொடங்கி யார் வழியாக எண்ணுகிறோம் என்பது நம் கையில் இருக்கும்வரை எந்தச் சுழற்சியையும் எந்த வம்சத்திலும் காட்டிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் அந்த 80 வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இருவர் 1991-லும் 1997-லும் எழுதிய இரண்டு புத்தகங்கள்தான் மூலம். ‘மில்லெனியல்’ என்ற பெயரைப் பரப்பியவர்களும் அவர்களே. (ஸ்ட்ராஸ் வாஷிங்டனில் அரசியல் நையாண்டிப் பாட்டுக் குழு நடத்தியவர். கதை சொல்லத் தெரிந்த ஆள் என்பது எழுத்தில் தெரியும்.) அவர்கள் கணக்கில் ஒரு முழுச் சுற்று 80 முதல் 90 வருஷம், அதில் நாலு பருவம்: நிமிர்வு, விழிப்பு, சிதைவு, நெருக்கடி. ஒவ்வொரு பருவத்திலும் பிறப்பவர்களுக்கு ஒரு குணம்.

தேதிகளைப் பார்த்தால் யாருக்கும் கண் விரியும். அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1776. உள்நாட்டுப் போர் தொடங்கியது 1861, இடைவெளி 85. ஹவாயில் பேர்ல் துறைமுகத் தாக்குதல் 1941, இடைவெளி 80. அதோடு ஒரு 80 கூட்டினால் 2021. அடுத்த நெருக்கடி 2005-ஐ ஒட்டித் தொடங்கி 2020 வாக்கில் உச்சத்துக்குப் போகும் என்று 1997-லேயே எழுதியிருந்தார்கள். 2008-ல் வங்கிகள் சரிந்ததும், 2020-ல் கொரோனா வந்ததும் புத்தகத்துக்கு மறுபடி கிராக்கி.

அப்படியானால் சரியாகத்தானே சொல்லியிருக்கிறார்கள்?

சித்தப்பாவும் இதைத்தான் கேட்டார். மூன்று புள்ளிகளை வைத்து நாலாவதைக் கண்டுபிடிப்பது பந்தயம் கட்டுவது மாதிரி. அந்த மூன்று புள்ளியும்கூடப் பொறுக்கி எடுத்தவை. முதல் உலகப் போரும் 1918-ன் விஷக்காய்ச்சலும் இந்தக் கணக்கில் ‘நெருக்கடி’ ஆகாது. எண் இடிக்கும். உள்நாட்டுப் போர்ச் சுற்றில் வரவேண்டிய, அவர்கள் சொல்லும் நாலு குணங்களில் ஒன்றான ‘வீரர்’ தலைமுறையைக் காணோம். அந்தச் சுற்றில் மட்டும் அது விடுபட்டுவிட்டது என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள். நாலில் ஒரு சக்கரம் கழன்ற வண்டியை ஓடும் வண்டி என்று விற்பது கொஞ்சம் துணிச்சல்.

இன்னொன்று, இது ஒரு நாட்டின் கணக்கு. 1941-ல் நெருக்கடி என்பது ஹவாய்க்குச் சரி. சீனாவுக்கு ஜப்பானோடு முழுப்போர் 1937-லேயே வந்துவிட்டது.

நம் அறுபது வருஷச் சுற்றுக்கு இதில் இடம் உண்டா?

பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர். குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று. பெயர் திரும்ப வருகிறது, சரி. சம்பவம் திரும்புகிறதா என்றால், சோதித்துப் பார்க்க நம்மிடமே ஒரு வருஷம் இருக்கிறது: தாது. 1876-ல் பிறந்த தாது வருஷத்தில் தொடங்கி 1878 வரை நீண்ட பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 லட்சத்துக்கு மேல் செத்ததாக மதிப்பீடு. சென்னையின் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்தவர்கள் வெட்டியது. அடுத்த தாது 1936, அதற்கடுத்தது 1996. இரண்டிலும் அப்படி எதுவும் வரவில்லை. ஆனால் 1936-ல் ‘தாது வருஷம்’ என்று பஞ்சாங்கத்தில் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்த எழுபது வயதுக் கிழவிகள் இருந்திருப்பார்கள். 1996-ல் அது வெறும் பெயர்.

சுற்றை நம்பியதாலேயே சுற்று நடந்த ஒரு கதை ஜப்பானில் உண்டு. அங்கேயும் 60 வருஷச் சக்கரம். அதில் ஒன்று ‘ஹினோஎஉமா’, தீக்குதிரை வருஷம். அதில் பிறந்த பெண் புருஷனை முழுங்கிவிடுவாள் என்று நம்பிக்கை. நம்மூரில் மூல நட்சத்திரம், செவ்வாய் தோஷம் என்று பெண் வீட்டாரைப் படுத்துவது போலத்தான். 1965-ல் ஜப்பானில் 18.2 லட்சம் குழந்தைகள் பிறந்தன. தீக்குதிரை வருஷமான 1966-ல் 13.6 லட்சம். 1967-ல் மறுபடி 19 லட்சத்தைத் தாண்டியது. போர் இல்லை, பஞ்சம் இல்லை, நாடு பணம் கொழித்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷத்தில் நாலில் ஒரு குழந்தை பிறக்கவேயில்லை! அதற்கு முந்தைய தீக்குதிரையான 1906-ல் இவ்வளவு வீழ்ச்சி இல்லை. குழந்தையைத் தள்ளிப்போடும் வழிகள் 1966-ல்தான் கைக்கு எட்டியிருந்தன. மூடநம்பிக்கைக்கு நவீன மருத்துவம் துணைபோயிற்று.

1989-ல் ஜப்பானின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 1.57-க்கு இறங்கியது. எந்தத் தோஷமும் இல்லாத வருஷத்தில் தீக்குதிரை வருஷத்தின் 1.58-ஐவிடக் கீழே போய்விட்டதே என்று நாடே பதறியது. அடுத்த தீக்குதிரை 2026. நம் பஞ்சாங்கத்தில் பராபவ.

1938-லும் 1965-லும் இந்தி எதிர்ப்பு வந்ததே, அது தலைமுறைச் சுழற்சி இல்லையா?

இடைவெளி 27 வருஷம். பார்த்தால் அச்சு அசல் சுழற்சிதான். உள்ளே போய்ப் பார்த்தால் வேறு.

1938-ல் ராஜாஜி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பில் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-ல் இறந்தார்கள். 1940 பிப்ரவரியில் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது வெடிப்பு ஏன் 1965 ஜனவரியில்? அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 வருஷத் தவணை 1965 ஜனவரி 26-ல் முடிந்தது, அதனால்தான். தேதியைக் குறித்தது தலைமுறை இல்லை, 343-ஆவது பிரிவு. தவணையை 20 என்று எழுதியிருந்தால் 1970-ல் வெடித்திருக்கும், நாமும் ‘32 வருஷச் சுழற்சி’ என்று பேசிக்கொண்டிருப்போம்.

தேதியைச் சட்டம் குறித்தது. கூட்டத்தைச் சேர்த்தது யார்? இங்கேதான் தலைமுறை வருகிறது. 1938-ல் திருவாரூர்த் தெருவில் கொடி பிடித்த 14 வயதுப் பையன் மு. கருணாநிதி 1965-ல் 40-ஐத் தாண்டிய தலைவர். 1938-ல் சிறை சென்ற அண்ணாதுரைக்கு 1965-ல் 55 வயது. முதல் போராட்டத்தின் பையன்கள் இரண்டாவதில் தலைவர்களாகவும் ஆசிரியர்களாகவும் அப்பாக்களாகவும் இருந்தார்கள். கோஷம், பாட்டு, தியாகிகளின் பெயர் எல்லாம் கைவசம் தயார். சொல்லிக்கொடுக்கச் சாட்சிகள் உயிரோடிருந்தார்கள்.

கேட்டுக்கொள்ள ஆளும் இருந்தது. 1950-களில் காமராஜர் திறந்துகொண்டே போன பள்ளிகளில் படித்தவர்கள் 1965-ல் கல்லூரி வாசலில் நின்றார்கள். பலர் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி ஆகப்போகிறவர்கள். மத்திய அரசு வேலைக்கு இந்தி வந்தால் ஏணியின் முதல் படியிலேயே கால் தடுக்கும் என்று அவர்களுக்குப் புரிந்தது. 1938-ல் இத்தனை மாணவர்கள் கிடையாது. 1965-ல் அரசுக் கணக்கிலேயே சுமார் 70 உயிர் போயிற்று. அப்போது வாக்களிக்கும் வயது 21. 1965-ல் கல்லெறிந்த 19 வயதுக்காரன் 1967-ல் வாக்குச்சாவடிக்கு வந்தான். தி.மு.க. 137 இடங்களில் வென்றது. விருதுநகரில் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், வயது 28, காமராஜரையே 1,285 வாக்கில் தோற்கடித்தார். பள்ளி திறந்தவரைப் பள்ளியில் படித்த தலைமுறை வீழ்த்தியது. காங்கிரஸ்காரர்கள் இன்றைக்கும் இதைச் சொல்லும்போது குரல் தாழும்.

இடையில் ஒரு வேடிக்கை. 1938-ல் இந்தியைக் கொண்டுவந்த அதே ராஜாஜி 1965-ல் இந்தித் திணிப்புக்கு எதிராகப் பேசினார், வயது 86. பிறந்த வருஷத்தை வைத்து ஒருவர் எந்தப் பக்கம் நிற்பார் என்று எழுதிக்கொடுப்பவர்கள் இதையும் ஒரு ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ஒரே தலைமுறையில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்களா?

மாட்டார்கள். 1928-ல் சமூகவியலாளர் கார்ல் மன்ஹைம் எழுதிய கட்டுரைதான் இன்றும் இதற்கு நல்ல பதில். ஒரே காலத்தில் பிறந்திருப்பது என்பது ஒரே பேருந்தில் ஏறியிருப்பது மாதிரி. ஜன்னல் வழியே தெரிவது எல்லோருக்கும் ஒன்று. அதற்கு ஒருவன் கைதட்டுவான், ஒருவன் திட்டுவான். இரண்டு பேரும் அந்தத் தலைமுறைதான். (பேருந்து உவமை என்னுடையது. மன்ஹைம் ஜெர்மன் பேராசிரியர்களுக்கே உரிய முறையில் நீளமாகச் சொல்வார்.)

ஒரே அடி வெவ்வேறு வயதில் விழும்போது வேறு வேறு காயமாகிறது என்பதற்கு யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1956-ல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்துக்கு ஐம்பதுகளின் பிற்பகுதி. அவர் தலைமுறை சத்தியாக்கிரகம் செய்தது, ஒப்பந்தம் போட்டது, ஒப்பந்தம் கிழிபட்டபின்னும் மறுபடி பேசியது. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் (தமிழ் மாணவர்களிடம் அதிக மார்க் கேட்ட முறை) வந்தபோது அடி நேராக 18, 19 வயதுக்காரர்கள் தலையில் விழுந்தது. மார்க் இருந்தும் இடம் இல்லை. பெரியவர்கள் பேச்சுவார்த்தையின் தோல்வியை எண்ணிக்கொண்டிருந்தபோது இவர்கள் தங்கள் வாழ்க்கை நின்றுபோனதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு இரு தலைமுறைக்கும் இடையே பேச்சே வேறு பாஷையாகிவிட்டது.

90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ் எல்லாம் உண்மையான தலைமுறைகளா?

மீம் போட உதவும். நம் ஊரில் 1991-ன் பொருளாதாரத் திறப்பும், 1993-ல் சன் டிவி வந்ததும், பிறகு செல்போனும் பத்து வருஷத்துக்குள் வந்து விழுந்ததால் அந்த வயதுக்காரர்களுக்குள் ஒரு பொதுப் பேச்சு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை’ என்பது தலைமுறைக் குணமா, இருபது வயதின் குணமா? நாற்பதில் அவர்களும் அடுத்தவனை இதையே சொல்வார்கள். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இந்தத் தலைமுறைப் பெயர்களைப் பிரபலப்படுத்திய நிறுவனங்களில் ஒன்று. அதுவே 2023-ல் இனி இவற்றைக் கண்டபடி பயன்படுத்தப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

சுழற்சி இல்லை என்றால், மறதி மட்டும் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது?

சாட்சிகள் சாகிறார்கள், அவ்வளவுதான். 1918 விஷக்காய்ச்சலில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் செத்தார்கள். 1911-க்கும் 1921-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது ‘வரலாற்றில் முதல்முறை’ என்று எல்லோரும் பேசினோம். நூறு வயது சாட்சி எந்த வீட்டிலும் இல்லை.

ஆனால் மறதியைத் தடுத்த ஓர் ஊர் இருக்கிறது. சுமத்ராவுக்கு மேற்கே சிமெலுவே என்று ஒரு தீவு. 1907-ல் ஆழிப்பேரலை வந்து அங்கே நிறையப் பேரை வாரிக்கொண்டு போயிற்று. பிழைத்தவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், மீன் பொறுக்க நிற்காதே, மலைக்கு ஓடு. இதைப் பாட்டாக்கிக் கதையாக்கிப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். 97 வருஷம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் நிலநடுக்க மையம் அந்தத் தீவுக்குப் பக்கத்திலேயே. அலை வர நிமிஷக் கணக்குதான் இருந்தது. எச்சரிக்கைக் கருவி எதுவும் கிடையாது. ‘ஸ்மோங்! ஸ்மோங்!’ என்று கத்திக்கொண்டு ஊரே மலை ஏறியது. சுமார் 78,000 பேர் வாழ்ந்த தீவில் செத்தது 7 பேர்.

அதே அலை நாகப்பட்டினத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் போனார்கள். நம் கரையில் நிலம் அப்படி ஆடவில்லை என்பது நியாயமான வித்தியாசம். ஆனாலும் ‘கடல்கோள்’ என்ற சொல் நம்மிடம் இருந்தது. குமரிக்கோட்டைக் கொடுங்கடல் கொண்டதைச் சிலப்பதிகாரத்தில் மனப்பாடச் செய்யுளாகப் படித்தோம், மார்க் வாங்கினோம். கடல் உள்வாங்கினால் ஓடு என்று எந்தச் செய்யுளிலும் இல்லை. ஒன்று புலவர் நினைவு, இன்னொன்று பாட்டி நினைவு. ஜப்பானில் அனெயோஷி கிராமத்துக்காரர்கள் 1933 அலைக்குப் பிறகு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று கல்லில் வெட்டி நட்டார்கள். கீழே கட்டவில்லை. 2011-ல் அலை அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது.

ஆள் எண்ணிக்கைக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. தலைமுறைக் கதைகளில் அதிகம் பேசப்படாத, ஆனால் உறுதியாகக் கணக்கிடக்கூடிய பகுதி இதுதான். தமிழ்நாட்டின் கருவள விகிதம் 2020-ல் 1.4. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். 1970-களிலிருந்து ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்று நிறுத்திக்கொண்ட அம்மாக்களின் முடிவு, இன்று தொடக்கப்பள்ளியில் காலி பெஞ்சாகத் தெரிகிறது, நாளை நாடாளுமன்றத்தில் இடக்கணக்காகத் தெரியக்கூடும். மாநிலங்களுக்கான இடங்களை 1971 மக்கள்தொகையோடு நிறுத்திவைத்தது 1976-ன் திருத்தம். 2001-ன் 84-ஆவது திருத்தம் அதை 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. எங்கள் 39 என்ன ஆகும் என்ற இன்றைய சண்டைக்கு வேர் அந்தப் பிரசவ அறைகளில் இருக்கிறது.

யாராவது இதைச் சரியாகக் கணித்திருக்கிறார்களா?

பீட்டர் டர்சின் 2010-ல், 2020 வாக்கில் அமெரிக்காவில் கொந்தளிப்பு உச்சத்துக்குப் போகும் என்று எழுதினார். 2021 ஜனவரி 6-ல் கும்பல் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. அவர் முதலில் உயிரினங்களின் பெருக்கத்தையும் வீழ்ச்சியையும் ஆராய்ந்தவர். அமெரிக்க வன்முறையில் 1870, 1920, 1970 என்று ஐம்பது வருஷ மேடுகளைக் காட்டுகிறார். ரத்தம் பார்த்த அப்பா அடக்கி வாசிக்கிறார், பார்க்காத பேரன் கிளம்புகிறான். ஆனால் அவர் வருஷத்தை மட்டும் நம்பவில்லை. கூலி தேய்வது, பெரிய நாற்காலிக்கு ஆசைப்படுகிறவர்கள் நாற்காலிகளைவிடப் பல மடங்கு பெருகுவது, அரசின் கடன் என்று அளக்கக்கூடியவற்றை வைத்துச் சொன்னார். பட்டம் வாங்கிவிட்டு உணவு டெலிவரி வண்டி ஓட்டும் பையன்கள் உள்ள எந்த ஊரும் இதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

வீட்டுப் பெரியவர்களிடம் எதைக் கேட்டு வைப்பது?

‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்காதீர்கள். ‘பொற்காலம்’ என்று பதில் வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. சின்னதாக, கைப்பிடிக்குள் அடங்குகிற மாதிரிக் கேளுங்கள். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் முதலில் என்ன வாங்கினீர்கள். கரண்ட் வந்த அன்று எந்த அறையில் முதல் பல்பு போட்டார்கள். எந்த வருஷம் அரிசி கிடைக்கவில்லை, அப்போது என்ன சாப்பிட்டீர்கள்.

என் பெரியத்தையிடம் அறுபதுகளின் தட்டுப்பாட்டைப் பற்றி இப்படித்தான் கேட்டேன். எண்பதைத் தாண்டியவர், இன்றைக்கும் இலையில் ஒரு பருக்கை விட மாட்டார். "ரேஷன் வரிசையில எவ்வளவு நேரம் நிப்பீங்க அத்தை?"

"நிக்கிறதாவது? விடியக்காலம் போய் ஆளுக்கு ஒரு கல்லை வரிசையில வெச்சுட்டு வந்துருவோம். கல்லுதான் நிக்கும். எங்க கல்லுல உங்க பாட்டி மஞ்சள் தடவி வெச்சிருப்பா, யாரும் நகத்திடக் கூடாதுன்னு. அதையும் ஒருத்தி நகத்திட்டா. யாருன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியும். பேரு வேண்டாம், அவ பேத்திதான் உன் எதிர்வீடு."